மலைக்கோட்டை தெரியும் பக்கம்

2006 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 52 நிமிடம். முந்தின நாள் பெய்த மழையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மேற்கே மட்டும் நாலு மேகம். மதுரையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விமானத்தில் ஐந்தாவது வரிசை இடப்பக்க ஜன்னலில் என் மனைவி. அவளுக்கு நேர் பின்னால், ஆறாவது வரிசை ஜன்னலில் நான். இருவருக்கும் அதுதான் முதல் விமானம். சென்னையில் இருக்கும் மகன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்.

திண்டுக்கல் மலைக்கோட்டையை எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக முப்பத்துமூன்று வருடம் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவையாவது அதைக் குனிந்து பார்த்துவிட வேண்டும் என்று, டிக்கெட் வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம்தான் தெரியும். எதிர்வீட்டுத் தோல் வியாபாரி மாதம் இரண்டு தடவை பறக்கிறவர். அவரிடமும் கேட்டேன்.

"றெக்கைக்கு முன்னால கேளுங்க சார். றெக்கை மேல உக்காந்தா சென்னை வரைக்கும் தகரத்தைத்தான் பாத்துக்கிட்டுப் போகணும்."

"ஜன்னல் ஒண்ணுதானே பாய், நாங்க ரெண்டு பேராச்சே?"

"அதை அக்காகிட்ட கேளுங்க. நான் ஊடால வரல."

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. அதனால், காலைப் பூசை முடிந்த கையோடு கிளம்பி இரண்டே முக்கால் மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் போய் நின்று, முன்னும் பின்னுமாக இரண்டு ஜன்னல் கேட்டேன். சீட்டு போட்டுக் கொடுத்த பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"பக்கத்துப் பக்கத்துலயே இருக்கு சார். ஏதும் சண்டையா?"

"இன்னும் இல்லம்மா" என்றாள் என் மனைவி.

விமானம் தரையை விட்ட ஒன்பதாவது நிமிடத்தில் மலைக்கோட்டைப் பாறை தெரியும் என்பது என் கணக்கு. கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். வயிறு ஒரு தரம் கீழே இறங்கி மேலே வந்தது. சிரிப்பாக வந்தது. எதற்கென்று தெரியாமல் தனியாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆறே முக்கால் நிமிடம் ஆகியிருக்கும். முன் இருக்கைக்கும் ஜன்னலுக்கும் நடுவிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று வந்து என் முழங்காலைத் தட்டியது.

"ஏங்க, பாறை வந்துருச்சு. பாருங்க."

"இன்னும் ரெண்டேகால் நிமிஷம் இருக்கு. செத்த சும்மா இரு."

"உங்க நிமிஷத்துக்கு அது காத்துக்கிட்டா இருக்கும்? இந்தா போகுதுங்க."

நான் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சரியாக ஒன்பதாவது நிமிடம் ஜன்னலில் நெற்றியை ஒட்டினேன். கீழே ஒரு கண்மாய், ஒரு சாலை, பெயர் தெரியாத ஏதோ ஊர். பாறை இறக்கைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. கிழக்குப் பார்த்து ஏறும் என்று நான் போட்ட கணக்குக்கு மாறாக, விமானம் மேற்குப் பார்த்து ஏறித் திரும்பியிருக்கிறது.

"யாரோ வெல்லக்கட்டியக் கைதவறிப் போட்ட மாதிரி கிடந்துச்சு. இம்புட்டுதான்" என்று அந்தக் கை விரலைக் குவித்துக் காட்டியது. அதற்குப் பிறகு சென்னை வரை முன் இருக்கை குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

மகன் வீட்டில் இருந்த நாலு நாளும் அவள் எல்லோரிடமும் வெல்லக்கட்டிக் கதையைச் சொன்னாள். ஐந்தாம் நாள் காலை மகனிடம், திரும்புவதும் விமானத்தில்தான் என்றேன்.

"ரயில் டிக்கெட் இருக்குல்லப்பா?"

"ரத்து பண்ணு. இந்தத் தடவை வலப்பக்கம். காசு என்னோடது."

ஏறியதும் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். முன் ஜன்னல் எனக்கு, பின் ஜன்னல் அவளுக்கு. புறப்பட்டதிலிருந்து கண்ணாடியிலேயே மூக்கை வைத்திருந்தேன். விமானம் இறங்கத் தொடங்கியதும் காது அடைத்தது. முதலில் ரயில் பாதை கோடாகத் தெரிந்தது. அதன் முனையில், தன்னந்தனியாக, பழுப்பாக, எங்கள் பாறை.

"தெரியுதா?" என்று பின்னாலிருந்து குரல்.

"பேசாத. எண்ணிக்கிட்டிருக்கேன்."

வாய்விட்டே எண்ணினேன். பத்து வந்ததும் பின்னாலிருந்து அவளும் சேர்ந்துகொண்டாள். முப்பதில் எங்கள் வரிசைக்காரர்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தொன்று வரை எண்ணினோம். சிறுமலை வந்து மறைத்தது.

திரும்பி வந்ததற்கான விமான டிக்கெட் இருவருக்கும் 6,950 ரூபாய், ரயில் டிக்கெட்டை ரத்து செய்ததில் பிடித்துக்கொண்டது 80 ரூபாய், ஆக 7,030 ரூபாய்.