நிற்கும்போதும் ஓடும் மீற்றர்

டென்மார்க் அமைச்சில் அசையாமல் கிடந்த, குடும்பத்தைக் கூப்பிட எங்கள் ஆட்கள் போட்ட விண்ணப்பங்கள் ஒருவழியாக அசையத் தொடங்கிய காலம் அது. ஹ்விடோவ்ரேயில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த அண்ணையின் மனைவிக்கும் விசா வந்தது. மூன்று வருடம் காத்திருந்தவர். ஒரு வியாழக்கிழமை பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு விமானம் கஸ்ட்ரப் விமான நிலையத்தில் இறங்கும். "நீர் வெளியிலை வரேக்கை நான் கதவடியிலை நிப்பன்" என்று அண்ணை கடிதம் எழுதியிருந்தார். அனுப்பும் முன் எனக்கு இரண்டு தரம் வாசித்தும் காட்டினார்.

மனைவியை முதல் நாளே பஸ்ஸில் கூட்டி வரக்கூடாது, டாக்சிதான் என்று அவர் முடிவு செய்தார். அவரும் நானும் அதுவரை டென்மார்க்கில் டாக்சி ஏறியதில்லை. ஆகவே நான் ஒரு வாரம் முன்பே ரயில் நிலையத்துக்குப் போய், அங்கே நின்ற டாக்சியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கட்டண விபரத்தைக் கொப்பியில் எழுதி வந்தேன். ஏறியவுடன் ஒரு தொகை. பிறகு கிலோமீற்றருக்கு இவ்வளவு. நின்றால் நிமிடத்துக்கு இவ்வளவு. மாலையிலும் வார இறுதியிலும் கட்டணம் அதிகம். சாரதிக்குக் கொடுக்கும் ரிப்ஸ் விலைக்குள்ளேயே அடக்கம். நான் குனிந்து நின்று எழுதியதைப் பார்த்த சாரதி, என்னைச் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து, கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

"நிண்டாலும் காசோ? சும்மா விசர்க்கதை கதையாதை தம்பி. சில்லு சுத்தினால்தானே மீற்றரும் சுத்தும்."

"அப்பிடித்தான் எழுதியிருக்கு அண்ணை."

"எழுதினவன் எழுதுவான். ஊரிலை கார் பிடிச்சால் விடியத்திலையிருந்து பொழுதுபடுமட்டும் நிக்கும். ஆராவது காசு கேட்டவங்களோ?"

ஊரில் முன்கூட்டியே பேசி முடித்த விலைக்குத்தான் கார் வரும் என்பதை நான் சொல்வதற்குள் அவர் பருப்பு ஊறப்போடப் போய்விட்டார். மனைவிக்காக வடை. டேனிஷ்காரர் சூப்பு வைக்க வாங்கும் மஞ்சள் பட்டாணிப் பருப்பில்தான் அப்போது நாங்கள் வடை சுட்டோம்.

வியாழக்கிழமை சொன்னபடி ஒரு மணிக்கு டாக்சி வாசலில் நின்றது. சாரதி பெரிய உருவம், வெள்ளைத் தாடி. அண்ணை இறங்கிப்போய் அவருடைய கையைப் பிடித்தார்.

"மேலை வரச்சொல்லு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

"அண்ணை, மீற்றர் போட்டாச்சு."

"போடட்டும். நல்ல காரியத்துக்குப் போறம். கார்க்காரனை வாசல்லை வைச்சிட்டு நாங்கள் என்னெண்டு வெளிக்கிடுறது?"

அதுவும் ஊர் வழக்கம்தான். கலியாணத்துக்குக் கார் ஓட்டி வந்தவர் சாப்பிடாமல் போனால் வீட்டுக்காரருக்குக் குறை. நான் மொழிபெயர்த்தேன். மீற்றர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சாரதி இரண்டு தரம் எச்சரித்தார். மூன்றாம் தரம் சொல்ல வாயெடுத்தபோது படிக்கட்டால் வடை மணம் இறங்கி வந்தது. அவர் காரைப் பூட்டினார்.

மூன்றாம் மாடி, நாற்பத்தெட்டுப் படி. நான் கீழே ஓடிப்போய்க் கண்ணாடிக்குள்ளால் மீற்றரைப் பார்த்துவிட்டு மேலே ஓடி வந்தேன்.

"அண்ணை, நிண்டுகொண்டே ஏறுது!"

"சத்தம் போடாதை. மனுசன் ரெண்டாவது வடையிலை நிக்கிறார்."

இது தங்கள் நாட்டுச் சூப்புப் பட்டாணியா என்று சாரதி கேட்டார். ஆம் என்றேன். தன் வாழ்நாளில் அதைச் சூப்பாக மட்டுமே கண்டதாகச் சொல்லி மூன்றாவதை எடுத்தார். இருபத்தாறு நிமிடம் கழித்துத்தான் புறப்பட்டோம்.

முதல் சிவப்பு விளக்கில் அண்ணை தன் கண்ணாலேயே கண்டார். கார் நிற்கிறது, இலக்கம் மாறுகிறது. "டேய், நிக்குது, ஆனா ஓடுது!" என்று என் தொடையைப் பிடித்தார். அடுத்த சிவப்பு விளக்கில் சிலுவை போட்டார். பாலத்தருகே வீதி வேலை. அங்கே பதினேழு நிமிடம் நின்றோம். அண்ணை முன் இருக்கையின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார். சாரதி பணிவாகத் திரும்பி, அது உதவாது என்றார்.

விமான நிலையத்தில் இறங்கும்போது நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். "இவரை அனுப்பிப்போட்டு வேறை டாக்சி ஏறினால் திரும்பவும் முதல் தொகை. ஒம்பது நிமிசத்துக்குள்ளை வந்தமெண்டால் இவரை நிப்பாட்டி வைக்கிறதுதான் மலிவு." சாரதியை நிற்கச் சொல்லிவிட்டு இருவரும் ஓடினோம்.

விமானம் நேரத்துக்கு முன்பே இறங்கியிருந்தது. அண்ணையின் மனைவி, எனக்கு அக்கா, கதவடியில் நின்றார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் அந்தக் கடிதம். அண்ணை இரண்டு அடி தள்ளி நின்றார். மூன்று வருடமாகச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"மீற்றர் ஓடுது. கெதியா வாரும்."

அக்கா அசையவில்லை.

"கதவடியிலை நிப்பனெண்டு ஆர் எழுதினது?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன். "டாக்சிக்காரர் வீட்டை வந்து வடை சாப்பிட்டவர், அக்கா. அதிலை சுணங்கிப்போச்சு."

"எவ்வளவு நேரம் சாப்பிட்டவர்?"

கொப்பியைத் திறந்தேன். "இருபத்தாறு நிமிசம்."

அக்கா பெட்டியைப் பக்கத்தில் இருந்த நீள வாங்கு வரைக்கும் இழுத்துப் போனார். கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கும் இருபத்தாறு நிமிசம். இதிலை இருந்து, என்ரை முகத்தைப் பாத்து, ஒழுங்காக் கதையுங்கோ."

அண்ணையும் உட்கார்ந்தார். நான் தூரப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பதினோராவது நிமிடத்தில் சாரதி எங்களைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது என்றேன். அவர் அந்த வாங்குப் பக்கம் எட்டிப் பார்த்தார். அண்ணை அழுதுகொண்டிருந்தார், அக்கா அவருடைய வழுக்கையைத் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மீற்றர் ஓடுகிறது என்று சாரதி கடமைக்காக ஒருமுறை சொன்னார். தெரியும் என்றேன். பிறகு நாங்கள் இருவரும் எதிர்ச் சுவரில் இருந்த வெண்ணெய் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.