சாட்சி சொன்ன தூரம்

எங்கள் நீதிமன்றத்தில் அவளை எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம், அவளைவிடப் பத்து வயது மூத்த டவாலிச் சேவகர் உட்பட. ஆங்கிலத்தில் சாட்சி சொல்பவர்களின் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்வது அவள் வேலை. நீதிபதி சொல்வதைத் தட்டச்சு செய்வது என் வேலை. எங்கள் இருவருக்கும் சொந்தக் கருத்து இருக்கக் கூடாது. இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்.

பாவம், வீட்டிலும் அவளுக்கு இதே பிழைப்பு. கணவனும் மாமியாரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசி வருடக்கணக்காகிறது. “சாப்பிட வரச் சொல்லு அவனை”, “பசியில்லன்னு சொல்லு அம்மாகிட்ட.” மூன்று பேரும் இருப்பது ஒரே அறையில்!

தேநீர் நேரத்தில், ஆங்கிலக்காரர்கள் இடத்தையும் தூரத்தையும் சொல்லும் விதத்தை எனக்குச் சொல்லிச் சிரிப்பாள்.

“ரூம் சின்னதுன்னா, பூனையைச் சுழற்றக்கூட இடமில்லைம்பாங்க.”

“பூனையை எதுக்குக்கா சுழற்றணும்?”

“நாம எள்ளு விழ இடமில்லைங்கறோமே, எள்ளை எதுக்குடா போடணும்?”



அன்றைய வழக்கு ஒரு கொத்தனாருடையது. பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளில் போனவரை வேன் ஒன்று இடித்துத் தள்ளியது. ஓட்டியவன் இறங்கி வந்தான், பார்த்தான், ஏறிப் போய்விட்டான். கொத்தனார் இன்னும் படுத்த படுக்கை. அவர் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். கூண்டில் நின்றவன் ஒரு வேன் டிரைவர், கைக்குழந்தைக்காரன். ‘நான் இல்லை’ என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் சொன்னதில்லை. சம்பவத்தைப் பார்த்த ஒரே ஆள், மாடியில் நின்றிருந்த ஒரு வெளிநாட்டுப் பெரியவர். அவர் சொல் நின்றால் டிரைவர் உள்ளே போவான். அவ்வளவுதான் வழக்கு.

பெரியவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். அக்கா தண்ணீர் பட்ட பாடாகத் தமிழில் சொன்னாள். வீடு ஊருக்கு ஒதுக்குப்புறம். காக்கை பறக்கிற கணக்கில் பக்கம்தான், சாலையில் சுற்றி வந்தால் தூரம். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“அந்த ஆள் வேனை விட்டு இறங்கினான். என் மாடியிலேருந்து ஒரு கல்லெறி தூரம். முகத்தைப் பார்த்தேன். இவன்தான்.”

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. “மிக அருகில் பார்த்தேன்னு போடுங்க” என்றார். போட்டேன்.

பெரியவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டார். அக்கா வாய் திறக்கவில்லை.

“என்னம்மா?”

“ஐயா, அந்தத் தூரத்தைப் பத்திச் சாட்சிகிட்ட ஒரு விளக்கம் கேட்க அனுமதி வேணும்.”

“கல்லெறி தூரம்னா பக்கம்தானே? இது எனக்குத் தெரியாதா?”

“பக்கம்தான் ஐயா. முகம் தெரியற பக்கமான்னுதான் எனக்குத் தெரியல.”

அவளுக்கு முன்பிருந்தவர் தன் சொந்தச் சொல் ஒன்றைச் சேர்த்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். “இவங்க மொழிபெயர்ப்பாளரா, எதிர்த்தரப்பு வக்கீலா?”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா இவள் என்று எரிச்சலாக வந்தது. அவள் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

“கேளுங்க” என்றார் நீதிபதி. “ஒரே கேள்வி. வீண் வேலைன்னு தெரிஞ்சா நாளைக்கு நீங்க வர வேணாம்.”

அக்கா கேட்டாள். பெரியவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அறை போதவில்லை. ஜன்னல் வழியாக, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். அந்தத் தூரம் இருக்கும் என்றார்.

நீதிபதி எழுந்தே விட்டார். தொட்டியில் சாய்ந்தபடி யாரோ ஒருவன் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தான்.

“அது யாருன்னு கேளுங்க.”

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். “ஒரு ஆம்பளை. முகம் சரியாத் தெரியல” என்று அக்கா சொன்னாள்.

டவாலி ஓடிப்போய் அந்த ஆளைக் கூட்டிவந்தார். வந்தவன் பெரியவரின் சொந்தக் கார் டிரைவர். காலையில் அவரை இங்கே கொண்டுவந்து இறக்கியவனே அவன்தான்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் உதடு துடிக்க ஏதோ சொன்னார். “பார்த்தேன்னுதான் இத்தனை நாளும் நெனைச்சிட்டிருந்தேன்” என்றாள் அக்கா, அவர் குரல் உடைந்த இடத்தில் தன் குரலையும் உடைத்து.

வேறு சாட்சி இல்லை. அன்று மாலையே வேன் டிரைவரை விட்டுவிட்டார்கள்.

வராந்தாவில் டிரைவரின் மனைவி, குழந்தையும் கையுமாக ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிடிவாதக்காரி, ஜெயித்துவிட்டாளே! இனி நாளைக்கும் வருவாள். தேநீர் வாங்கித் தருவதாகச் சொல்லி அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

படியோரம் கொத்தனாரின் மனைவி நின்றிருந்தாள்.

“உள்ள என்னம்மா நடந்துச்சு? எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

“சாட்சிக்கு முகம் தெரியலையாம், அம்மா” என்றாள் அக்கா.

“சரி. அப்ப எம் புருஷனை இடிச்சது யாரு?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“தெரியலம்மா.”

அந்த அம்மாள் தலையசைத்தாள். ஆனால் வழியை விடவில்லை. பதில் இனிமேல்தான் வரப்போகிறது என்பதுபோல அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.