அழுகாத வித்தைக்கு மாதம் பத்து ரூபாய்

சிலம்ப வாத்தியாருக்கு எங்கள் தூத்துக்குடியில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு அரிசி போடுகிற கடையைத்தான் இன்னும் யாரும் திறக்கவில்லை. பாட்டு வாத்தியார்களே, டியூஷன் வாத்தியார்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். சிரித்து மழுப்பாதீர்கள்.

புதுத் துறைமுகம் வந்த புதிது. என் மச்சான் அங்கே டாலி கிளார்க் வேலைக்கு என் பெயரைச் சொல்லி வைத்திருந்தான். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை, மாதச் சம்பளம். என் மனைவி பிலோமினா தையல் மெஷினை மிதித்தபடியே கெடு வைத்தாள்: "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உங்க சிலம்பக் கம்பு நமக்குச் சோறு போடலைன்னா மூட்ட எண்ணப் போயிரணும்." நான் மூட்டை எண்ணப் பிறந்தவன் இல்லை. என்னிடம் படிக்கிறவர் யாராயிருந்தாலும் இனி மாதம் பத்து ரூபாய் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஒன்றேகால் ரூபாய்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சேருகிற அன்று ஆத்தூர் வெற்றிலை, பாக்கு, அதன்மேல் ஒன்றேகால் ரூபாய் வைத்து ஆசானைக் கும்பிடுவார்கள். அதோடு சரி, ஆயுளுக்கும் சேர்த்து. வாழைக்காய் மண்டி தங்கையா அண்ணாச்சி அந்த ஒன்றேகாலை நம்பி மூன்று வருஷமாகக் காலை தவறாமல் நான் கம்பு பழக்குகிற கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தார். கம்பும் படிந்தது, தொந்தியும் வடிந்தது.

அவரிடம்தான் முதலில் பத்து ரூபாயைச் சொன்னேன். கம்பைக் கீழே வைத்துவிட்டார். "வித்தையப் போயி விக்கலாமா வாத்தியாரே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நீங்க வாழக்கா விக்கலாம், நான் வித்த விக்கப்படாதா அண்ணாச்சி?" என்றேன். எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார்:

"வாழக்கா அழுவிப்போவும் வாத்தியாரே. வித்த அழுவாதுல்லா!"

பல்பு

கிட்டங்கி முதலாளி ஒருவர், தன் சரக்குக் கிடங்கின் காவல்காரர்கள் எட்டுப் பேருக்குக் கம்பு பழக்க என்னைக் கூப்பிட்டார். ஒரு மாதம் பழக்கினேன். எண்பது ரூபாய் கேட்டபோது, மேஜையிலிருந்து கம்புக்கடை ரசீதை எடுத்துக் காட்டினார். "அதான் கம்புக்குக் குடுத்தாச்சே! கம்பு நம்மளுது, ஆளு நம்மளுது, தரையும் நம்மளுது. இதுல உங்களுக்கு என்ன செலவு?" என்றார். நல்லது, அவருடைய மூன்றையும் வைத்து அவரே பழக்கட்டும் என்று மறுநாளிலிருந்து நின்றுவிட்டேன்.

நாலாம் நாள் காவல்காரர் மாடசாமி நெற்றியில் பிளாஸ்திரியோடு என் வீட்டு வாசலில் நின்றார். வாத்தியார் இல்லாமல் தலைக்குமேல் கம்பு சுற்றியதில் கிட்டங்கியில் நாலு பல்பு போய்விட்டதாம். பக்கத்து ஆளுக்கு ஒரு பல் ஆடுகிறதாம். முதலாளி உடனே வரச் சொன்னார் என்று நாற்பது ரூபாயை நீட்டினார். பாக்கி நாற்பது எங்கே என்று கேட்டேன். மாடசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அத பல்புக்குப் பிடிச்சிட்டாவ வாத்தியாரே."

ரயிலில் வருகிறவர்

அந்த நாற்பதைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். வந்தால் முழுசாக வரட்டும்.

அப்போது ஊரில் கராத்தே மோகம். ஆபீசர்கள் கிளப்புக்கு மெட்ராஸிலிருந்து ஒரு மாஸ்டர் மாதம் ஒரு வாரம் வந்து போனார். வாரத்துக்கு இருநூறு ரூபாய் என்று ஊரே வாயைப் பிளந்தது. ஒரு தடவை வந்த அன்றே அவருக்குக் கால் பிசகிவிட, கிளப் செயலாளர் அந்த வாரத்துக்கு என்னைக் கூப்பிட்டார். நானும் இருநூறு கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவரு ரயில்ல வாராரு. நீங்க நடந்துதான வாரீய?"

எனக்கு வயிறு எரிந்தது. அப்படி என்ன இவருக்கு இரண்டு கொம்பு என்று பார்க்க நேரே லாட்ஜுக்குப் போனேன். மனிதர் உப்புத் தண்ணீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு, காலரில் ஒட்டுப்போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு வந்தவனுக்குத் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். இருநூறு ரூபாய் வாங்குகிறவர் ஒரே டீயை ஏன் பங்கு போடுகிறார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பொரிந்து தள்ளியதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"மூணு மாசமா ஒண்ணும் வரல சார். அந்த ரயில் டிக்கெட்டும் என் காசுதான்."

ஏழாவது பொன்னாடை

டிசம்பர் வந்துவிட்டது. பிலோமினாவின் கெடுவுக்கு இரண்டு வாரம். வியாபாரிகள் சங்க ஆண்டு விழாவில் வருஷாவருஷம் எங்கள் சிலம்பாட்டம் உண்டு. கூலி ஒரு பொன்னாடை. ஆறு பொன்னாடை டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அந்த வருஷம் விழாத் தலைவர் அதே கிட்டங்கி முதலாளி. கலெக்டர் வேறு வருகிறார். ஆறையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

ஆசான் களத்தில் இறங்கி, குனிந்து வணங்கிச் சலாம் வரிசை போட்ட பிறகுதான் மற்றவர்கள் கம்பெடுக்கலாம் என்பது எங்கள் முறை. மைக்கில் சிலம்பாட்டம் என்று அறிவித்தார்கள். நான் நடுக்களத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றேன். முதலாளி ஓடி வந்தார். பையை அவர் கையில் கொடுத்தேன். "இதுல ஆறு இருக்கு. ஏழாவதையும் நீங்களே வச்சுக்கிடுங்க. கிட்டங்கிக்கு எண்பது, இன்னைக்கு ஆட்டத்துக்கு நாப்பது. கைக்கு வந்தாத்தான் சலாம்" என்றேன். அவர் 'போய்யா' என்றால், மறுநாள் நான் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

அவர் என்னை விட்டுவிட்டு என் ஆட்களைப் பார்த்து, "ஏலே, நீங்க ஆடுங்கலே!" என்று கத்தினார். இருபது பேர், அதில் எட்டுப் பேர், விழாவில் கூட்டம் காட்ட அவரே என் வரிசையில் சேர்த்துவிட்ட, அவரிடமே சம்பளம் வாங்குகிற காவல்காரர்கள். ஒருத்தரும் அசையவில்லை. முதலில் மாடசாமிதான் தன் கம்பைத் தரையில் வைத்தார். வேலை போகிற காரியம் என்று தெரிந்தே வைத்தார். பிறகு ஒவ்வொருவராக இருபது கம்பும் கீழே போயின. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது. கலெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். நூற்றிருபதும் வந்தது. மாடசாமியின் வேலையும் போகவில்லை. கம்பு தெரிந்த காவல்காரன் வேறு எங்கே கிடைப்பான்?

நான் சலாம் வரிசைக்குக் குனியப் போகும்போது, இத்தனை நாளும் பத்து ரூபாய் தராமலே வந்துகொண்டிருந்த தங்கையா அண்ணாச்சி வரிசையிலிருந்து முன்னால் வந்தார். கையில் வெற்றிலை, அதன்மேல் மடிக்காத பத்து ரூபாய் நோட்டு.

"இந்தாங்க வாத்தியாரே, இந்த மாசத்துக்கு. போன மூணு வருசத்தக் கேக்கப்படாது!"

டாலி கிளார்க் வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி மச்சானை அனுப்பிவைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வித்தை அழுகாது என்பது வாஸ்தவம்தான், ஆனால் வாத்தியார் வாழைக்காயைவிடச் சீக்கிரம் அழுகிப்போவார்.