அந்தோணி அண்ணனுக்கு ஒரு பரிபூரண பலன்

"என்ன ஆச்சி, எதையும் தொலைச்சிட்டீகளா?"

கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்பிள்ளை இப்படிக் கேட்டபோது நான் மாதா கோயில் வாசல்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் என் நாத்தனார் சவேரியம்மா. என் வீட்டுக்காரரின் தங்கச்சி. பூசை முடிந்து ஜனமெல்லாம் போன பிறகும் ரெண்டு கிழவிகள் உள்ளே போவதும், முழங்காலில் நின்று செபம் சொல்வதும், வெளியே வருவதும், திரும்ப உள்ளே போவதுமாக இருந்தால் அந்த மனுஷனுக்குச் சந்தேகம் வராதா? செருப்புத் திருட வந்த கோஷ்டி என்றுகூட நினைத்திருக்கலாம்.

"தொலைக்கலைப்பா... மீட்டுக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

அவர் முழித்தார். நேரே போய்ச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்!

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த கூத்து இது.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்களாகிய எங்களுக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருதடவை யூபிலி ஆண்டு வரும். புனித ஆண்டு. அந்த வருஷத்தில் 'பரிபூரண பலன்' என்று ஒன்று உண்டு. அது என்ன? குழந்தை குழம்பைக் கொட்டிவிடுகிறது. 'போகட்டும் விடு' என்று அம்மா மன்னித்துவிடுகிறாள். ஆனால் தரை? அதை யாராவது துடைக்க வேண்டாமா? பாவமும் அப்படித்தான். சாமியார் காதில் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைத்துவிடும். தரையைத் துடைக்கிற வேலை மட்டும் பாக்கி. இங்கே துடைக்காமல் செத்தால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் உட்கார்ந்து துடைத்துவிட்டுத்தான் மோட்சத்துக்குள் போக முடியும்.

பரிபூரண பலன் கிடைத்தால் தரை மொத்தமும் பளிச்!

அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வேண்டும். பாப்பரசரின் கருத்துக்காகச் செபிக்க வேண்டும். யூபிலிக்கென்று குறித்திருக்கிற கோயிலுக்குத் திருயாத்திரை போக வேண்டும். கிடைத்த பலனை நமக்கே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் செத்துப்போன ஒருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். உயிரோடு இருக்கிற இன்னொருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது. முடியுமென்றால் எங்கள் வீட்டு ஆம்பளைகள் ஒருத்தர்கூடக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். 'நீ போயிட்டு வா, எனக்கும் சேத்து' என்று அனுப்பிவிடுவார்கள்.

யூபிலி திறந்து ஒரு வருஷமாகிறது. போனோமா? கரண்டு பில்லானாலும் சரி, மோட்சமானாலும் சரி, நமக்குக் கடைசி நாள்தான் நல்ல நாள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் யூபிலியை முடிக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் ராஜபாளையத்தில் பஸ் ஏறினோம்.

பஸ் நிறைய ஐயப்ப சாமிகள். ஒரு சாமி எழுந்து எங்களுக்கு இடம் கொடுத்தார். "ஆண்டாள் கோயிலுக்கா பாட்டி?" "இல்ல சாமி, மாதா கோயிலுக்கு." "அப்ப எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோங்க" என்றார். எல்லாருக்கும் சேர்த்துக் கும்பிடத்தான் ஊரில் கிழவிகளை விட்டுவைத்திருக்கிறார் கடவுள்.

சரி, உள்ளே வெளியே விளையாட்டு எதற்கு? அதற்கு நீங்கள் என் அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த காலம். நவம்பர் மாதம், செத்துப்போனவர்களுக்காக ஆத்துமாக்கள் திருநாள் வரும். அன்றைக்கு ஒரு சலுகை. கோயிலுக்குள் போய், சொல்ல வேண்டிய மந்திரங்களைச் சொல்லி முடித்தால் ஒரு ஆத்துமாவுக்குப் பலன். வெளியே வந்து மறுபடி உள்ளே போய்ச் சொன்னால் இன்னொரு ஆத்துமாவுக்கு! எத்தனை தடவை போகிறோமோ அத்தனை பேருக்கு.

ஊரே வாசலில் நிற்கும். உள்ளே போகிறவர்கள் வலது பக்கம், வெளியே வருகிறவர்கள் இடது பக்கம். எறும்பு ஊர்கிற மாதிரி. என் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இது ஒங்க தாத்தாவுக்கு... வா வெளிய. இது பெரியத்தைக்கு... வா உள்ள" என்று இழுத்துக்கொண்டு ஓடுவாள். அந்தக் கூட்டத்திலும் ஒரு வாசனை இருக்கும். மெழுகுவத்தியும் ஈரச் சேலையும் கலந்த வாசனை. அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

சிறுசுகளுக்கோ போட்டி! யார் அதிகம் பேரை மோட்சத்துக்கு ஏற்றிவிட்டார்கள் என்று. சொந்தக்காரர்கள் தீர்ந்துபோனதும் நான் எங்கள் வீட்டில் செத்துப்போன செவலை ஆட்டுக்கு ஒன்று போட்டேன். அம்மா மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். "ஆட்டுக்கு ஏதுடி பாவம்?" நியாயம்தானே? பாவம் செய்தது அதைத் தின்ற நாங்கள்!

பக்கத்து வீட்டு சுப்பம்மா தெலுங்குக்காரி. எங்கள் சாமி வேறு, அவள் சாமி வேறு. ஆனாலும் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். ஒருதடவை அம்மா கேட்டாள்: "ஒங்க மாமியாருக்கும் ஒண்ணு சொல்லிட்டு வரவா சுப்பம்மா?" அவள் ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "வத்து, வத்து! எங்க இருக்காகளோ அங்கயே இருக்கட்டும்" என்றாளே பார்க்கலாம்!

அந்த ஞாபகத்தில்தான் நானும் சவேரியம்மாவும் போன ஞாயிறு ஆரம்பித்துவிட்டோம். அவளுக்கு ரெண்டு ஆத்துமாக்கள். ஒன்று அவள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன். இன்னொன்று அவள் மகன் ராயப்பன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவைத்திருந்த நேரத்தில் பைக்கில் போய் லாரியில் விழுந்தவன். எனக்கு என் வீட்டுக்காரர். பிறகு அம்மா, அப்பா என்று வரிசை நீளம்.

சாமியார் வந்தார். சின்ன வயசு. என் பேரன் வயசுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆச்சி, அந்தப் பழைய முறையெல்லாம் எப்பவோ மாத்தியாச்சு. பொதுவா ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு பரிபூரண பலன்தான். வாசல்ல எத்தன தடவ போனாலும் வந்தாலும் ஒண்ணுதான்."

"ஒண்ணே ஒண்ணா?" சவேரியம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது.

"ஆமா. வேற நாள்ல வேற வழி இருக்கு. நவம்பர்ல கல்லறைக்குப் போய் செபிச்சா அப்பவும் ஆத்துமாக்களுக்குப் பலன் உண்டு."

"நவம்பர் வரைக்கும் நான் இருக்கணும்லா சாமி?"

அவள் சும்மா சொல்லவில்லை. அவளுக்கு இருதயத்தில் கோளாறு. டாக்டரே நாள் சொல்லாமல் நழுவுகிறார்.

சாமியார் போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். "முக்கியமானத மறந்துராதீங்க ஆச்சி. அற்பப் பாவத்து மேலகூட ஒட்டுதல் இருக்கக் கூடாது. யார் மேலயாவது கசப்பு வச்சிக்கிட்டு செபிச்சா பலன் பரிபூரணமா இருக்காது. கொஞ்சம்தான் கிடைக்கும்."

சவேரியம்மா கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை சேசுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பலன். புருஷனா, பிள்ளையா? பெத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

நானே சொன்னேன். "ஏட்டி சவேரி, நீ அந்தோணி அண்ணனுக்குக் குடு. ராயப்பனுக்கு நான் குடுக்கேன்."

சர்ரென்று திரும்பினாள். "எம்புள்ளைக்கு நான் குடுக்காம நீங்க குடுப்பீகளோ? பெத்தது நானா நீங்களா?"

"கோவத்தப் பாரு! அப்ப என்னதான் செய்யணும்ங்கே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சேலை நுனியைத் திருகினாள். "நீங்க... அவியளுக்குக் குடுங்க மதினி."

அவியளுக்கு. அந்தோணி அண்ணனுக்கு.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்கிறீர்களா?

எங்கள் மூத்தவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள், புதுநன்மை விருந்து. கான்சாபுரத்தில் எங்கள் வீட்டில். எங்கள் பக்கம் வீட்டு மாப்பிள்ளை என்றால் முதல் பந்தி, முதல் இலை. அன்றைக்குப் பார்த்துச் சாமியாரும் உபதேசியாரும் முந்தி உட்கார்ந்துவிட்டார்கள். அந்தோணி அண்ணனுக்கு இலை கடைசியில். கறி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறியது நான். அவர் இலைக்கு வரும்போது வாளியில் எலும்புதான் மிச்சம். "இந்தா அண்ணே, அடுத்த வாளி வருது" என்று சொல்லி வாய் மூடவில்லை. பாதிச் சோற்றில் எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் நடந்தவர்தான். அப்புறம் வருஷக்கணக்காக எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

அது போகட்டும். மாப்பிள்ளை முறுக்கு எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, சவேரியம்மா வந்தாள், அவர் வரவில்லை. இவரோ தலையணையை முதுகுக்குக் கொடுத்து, வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "மாப்பிள்ள வந்துட்டாரா?" என்பார். "பஸ்ஸு லேட்டாம்" என்பேன். எத்தனை நாளைக்குத்தான் பஸ் லேட்டாகும்? இவர் போன பிறகுதான் அவர் வந்தார்.

அந்த மனுஷனுக்கு, என் புருஷனுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்! அதுவும் கசப்பில்லாமல்!

"ஒங்கண்ணன் நவம்பர் வரைக்கும் கெடந்து காயட்டுமா?" என்றேன்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா அவியளே 'மொதல்ல மாப்பிள்ளைக்குக் குடு'ம்பாவ. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

இல்லையென்று சொல்ல முடியவில்லை. அதுதான் கோபம்.

உள்ளே போய் முழங்காலில் நின்றேன். 'ஆண்டவரே, இது அந்தோணி அண்ணனுக்கு' என்று ஆரம்பித்தேன். உடனே அந்த இலை வந்து கண்முன் நின்றது. பாதிச் சோறு, தொடாத ரசம். இந்த மனசோடு கொடுத்தால் அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். மறுபடி ஆரம்பித்தேன். இப்போது தலையணையும் வாசலும் வந்தன. விசுவாசப் பிரமாண செபத்தின் நடுவில் நான் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்!

சரி, அந்த ஆள் எனக்கு ஒரு நல்லதுகூடவா செய்யவில்லை என்று கோபத்தோடு தேடினேன். தேடினால் கிடைத்தது. எங்கே போய் ஒளிந்திருந்ததோ!

இதே மூத்தவளைச் சுமந்துகொண்டிருந்தேன். பிளவக்கல் அணைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து ஊரையே முழுக்காட்டிய மழை. எனக்கு வலி எடுத்துவிட்டது. பஸ் இல்லை, வண்டி இல்லை. என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அந்தோணி அண்ணன்தான் சைக்கிளை எடுத்தார். கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். வத்திராயிருப்பு ஆஸ்பத்திரி வரை ஒரே மிதி. பின்னால் என் வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார். குடை எப்போதோ மடங்கிவிட்டது, அதையும் விடாமல் பிடித்துக்கொண்டு!

நான் கத்துகிறபோதெல்லாம் அந்தோணி அண்ணன் மாதா பாட்டை உரக்கப் பாடினார். கர்ணகடூரம். "பயப்படாத தாயி, மாதா கூட வாராக" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டுச் சைக்கிளோடு கீழே விழுந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் சேற்றில் உட்கார்ந்து ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். உள்ளே வலியில் கிடந்த எனக்கு அந்தச் சிரிப்புக் கேட்டது.

அந்த மழையில் சுமந்துவந்த பிள்ளையின் புதுநன்மைக்குத்தான் அவருக்குக் கடைசி இலை போட்டிருக்கிறோம். எலும்பு வேறு!

அப்புறம் செபம் தடங்கல் இல்லாமல் ஓடியது. சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் சவேரியம்மா இன்னும் ராயப்பனோடு பேசிக்கொண்டிருந்தாள். காத்திருந்தேன்.

வெளியே வந்ததும் என் முகத்தையே பார்த்தாள்.

"மதினி, மனசாரக் குடுத்தீகளா?"

"குடுத்துட்டேன்டி."

"முழுசாவா?"

"முழுசா. எலும்பே இல்லாத கறியா அள்ளி வச்சிருக்கேன். போதுமா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். கீழ்ப்படிக்கு வந்ததும் அவளுக்கு ஒரு கவலை. "எங்கண்ணன் மட்டும் இன்னும் வெளிய நிக்காவளே மதினி?"

"நிக்கட்டும். நவம்பர்ல நான் அனுப்பிவைக்கேன். அதுவரைக்கும் ஒன் வீட்டுக்காரர் மோட்சத்து வாசலப் பாத்துக்கிட்டு, 'மச்சான் வந்துட்டாரா, மச்சான் வந்துட்டாரா'ன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கட்டும். கேட்டா, பஸ்ஸு லேட்டாம்!"

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் சாமியார் சொன்ன அந்தக் கசப்பு நிபந்தனை ஞாபகம் வந்தது... ஓரத்தில் ஒரு சின்ன எலும்பு ஒட்டிக்கொண்டுதான் போயிருக்கும் போல!