வட்டத்தை மிதிக்காமல்

தூறல் விழத் தொடங்கியதும் மொட்டைமாடித் தரையிலிருந்து சாக்பீஸ் வாசனை எழுந்தது. கணக்குப் போட்டிக்குத் தயாராகும் என் மகள், தரையில் வரைந்த வட்டத்தின் மேல் குனிந்திருந்தாள். அந்த வாசனை என்னைப் பழைய வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது அக்கா பத்தாவது படித்தாள். காகிதத்தில் அவளுக்குக் கணக்கு ஓடாது. சாக்பீஸில் நூல் கட்டி, வெயிலில் சுடும் சிமெண்டுத் தரையில் வட்டம் இழுத்து, அதற்குள் முக்கோணம் போட்டு, பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். விடை வராத கணக்கை யாரும் அழிக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். மிளகாய் காயவைக்கும் அம்மாகூட வட்டத்தை விட்டுச் சுற்றித்தான் பரப்புவாள். "அது இன்னும் முடியலடி, மிதிக்காத" என்று என்னை அதட்டுவாள்.

அக்கா எழுத வேண்டிய மாநிலக் கணக்குப் போட்டி வேலூரில், பௌர்ணமிக்கு மறுநாள் காலையில். "பௌர்ணமின்னா பஸ் ஜாஸ்தி விடுவாங்க, காலையில கெளம்பினா போதும்" என்றார் அப்பா. பஸ்கள் நிறையத்தான் இருந்தன. ஆனால் இரவெல்லாம் எங்கள் ஊர் மலையைக் கிரிவலம் சுற்றிவிட்டுத் தங்கள் ஊர் திரும்பும் கூட்டம் எல்லாவற்றிலும் படிக்கட்டு வரை தொங்கியது. அப்பாவும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது, போட்டி நடக்கும் பள்ளியின் கேட்டைச் சாத்தியிருந்தார்கள்.

திரும்பி வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக மாடிக்குப் போய், முடியாத கணக்கின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். அதன்பிறகு அவள் சாக்பீஸைத் தொடவே இல்லை.

காயப்போட்ட துணியை எடுக்க இப்போது அக்காதான் மேலே வந்தாள்.

"பெரிம்மா, இது உங்களுக்கு வருமா?" என்று கேட்டாள் மகள்.

"எனக்கென்னடி தெரியும்" என்றாள் அக்கா, தரையைப் பார்க்காமலே. துணிகளை அள்ளிக்கொண்டு, ஒரு கோட்டைக்கூட மிதிக்காமல் வட்டத்தைச் சுற்றிப் போய்ப் படியிறங்கினாள்.