யானை மூஞ்சூறும் என் மகளும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆக்லாந்தில் ஏவன்டேல் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. மகளுக்கு அப்போது பத்து வயது.

எங்கள் குடும்பத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. அண்ணன் 'தவளை', நான் 'கிளிமூக்கன்'. என் மூக்கு அப்படியே மகளுக்கும் வந்துவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவளை 'மூஞ்சூறு' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவளும் சிரித்துக்கொண்டு ஓடி வருவாள். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. நாலு பேர் கூடிவிட்டால் இன்னும் ஜாஸ்தி.

பாட்டனி டவுன்ஸில் நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழா. அத்தனை கூட்டத்தில், "ஏய் மூஞ்சூறு, கேக் வெட்டப் போறாங்க, வாடி!" என்று கத்தினேன். அப்படியென்றால் என்ன என்று அவளோடு படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எலி மாதிரி இருக்கும், மூக்கு இவ்வளவு நீளம் என்று என் மூக்கையே இழுத்துக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். கேட்டால் ஜலதோஷம் என்றாள். குளிர்காலம்தானே, நம்பினோம். ஒரு மாதம் கழித்து ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டைக்கூட யாரும் இல்லாத மூலையில் போய்ச் சாப்பிடுகிறாள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். என் மனைவி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். "ஐ'ம் ஃபைன், அம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பள்ளியில் யாரோ கேலி செய்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். ஆள் யாரென்று தெரிந்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று வீட்டுக்குள் குதித்தேன்.

பள்ளியில் அந்த டெர்ம் முடியும்போது, பிள்ளைகள் ஆளுக்கொரு விலங்கைப் பற்றிப் பெற்றோர் முன்னால் பேச வேண்டியிருந்தது. மவுண்ட் வெல்லிங்டனில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். மகள் மாஸ்க்கோடுதான் வந்து நின்றாள். கையில் பிடித்திருந்த அட்டையில் ஒரு படம். ஆப்பிரிக்காவில் இருக்கும் யானை மூஞ்சூறு.

ஆங்கிலத்தில், மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனாள். இதன் மூக்கு ஒரு நிமிடம் சும்மா இருக்காதாம். அதை அப்படியும் இப்படியும் வளைத்து, சருகுக்குள் பூச்சி தேடுமாம். கண்கள் பெரியவை. பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளம், அதனால் துள்ளிக்கொண்டு படுவேகமாக ஓடும். குட்டி, உடம்பெல்லாம் முடியோடு, கண்ணைத் திறந்தபடியே பிறக்கும்.

அப்புறம் மாஸ்க்கைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தாள்.

"உண்மையில் இது மூஞ்சூறே இல்லை, யானைக்குத் தூரத்துச் சொந்தம். மூக்கை மட்டும் பார்த்தவர்கள் வைத்த பெயர் இது" என்றாள்.

சொல்லும்போது வகுப்புப் பிள்ளைகளை அவள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் ஒரு மாதமாகத் தேடிய ஆள் நானேதான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

காரில் வரும்போது, "மன்னிச்சிடும்மா, அப்பா தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஓகே, அப்பா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாளிலிருந்து மாஸ்க் போடவில்லை.

அதன் பிறகு ஒரு தடவைகூட அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. ஆனால் இன்றும் நான் அவளைக் கூப்பிட வாயெடுத்தால், எந்தப் பெயர் வரப்போகிறதோ என்று ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த ஒரு நொடி என்றைக்கு இல்லாமல் போகுமோ, அன்றைக்குத்தான் அவள் என்னை முழுதாக மன்னித்திருப்பாள்.