நாற்பதுக்கு மேல் வரும் கோளாறு

அப்பாவுக்குக் கண் மங்குவதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். பேப்பரைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், போல்ட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது அவர் வேலை. வருஷாந்தரக் கண் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறாவிட்டால் லைனை விட்டுத் தூக்கி மூட்டை ஏற்றப் போட்டுவிடுவார்களாம்.

அதனால் காலண்டர் தாளின் பின்பக்கம், போன வருஷப் பரிசோதனையில் சுவரில் பார்த்த எழுத்துகளை அத்தையை எழுதச் சொல்லி மனப்பாடம் செய்தார். அத்தை அவருடைய தங்கை, காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் டிரம் பக்கத்தில் தாளைப் பிடித்து நிற்பது என் வேலை.

"நாப்பதானா கண்ணு கெடணும்னு இன்னா சட்டம்?" என்று எரிந்து விழுந்தார் அப்பா.

"சின்ன வயசுலயே கெடுக்கிற கோளாறா இருந்தா, அந்தக் காலத்துல காட்டுல புலி அடிச்சிருக்கும். புள்ள பெக்காமலே போயிருப்பான், கோளாறும் அவனோட போயிருக்கும். நாப்பதுக்கு மேல வர்றது அப்டியில்லண்ணா. அதுக்குள்ள புள்ளைங்ககிட்ட எறங்கிடும். வடிகட்ட வழியே இல்ல."

"பெத்தா ஆச்சா? இதுங்கள எவன் ஆளாக்குவான்?"

"சாவும் அப்டித்தானா அத்தை?" என்றேன்.

"கிட்டத்தட்ட அப்டித்தான்."

"வெளக்கு வெக்கிற நேரத்துல பேச்சப் பாரு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அப்பா தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். "சீ, கைய எடுடீ! உசுரோடத்தான் கீறேன்!"

பரிசோதனையில் சுவர் எழுத்தெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்ததாம். பிறகு பொடி எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார்கள். எவ்வளவு நீட்டியும் கை போதவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை நாள் டிரம் பக்கத்தில் கால் கடுக்க நின்றேன்!

அப்பா காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டார். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "கிட்டக்கதானே தெரில? தூரத்த மனப்பாடம் பண்ணிகினு கீறியே!" பிறகு என்னைக் காட்டி, "இவளுக்குள்ளயும் அந்தக் கோளாறு இப்பவே உக்காந்துகினு கீது" என்றாள்.

வழக்கமான கிண்டல் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் பயம். நிலைக்கண்ணாடி முன் நின்று இமையைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் படப்பையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கையில், நான் போனைத் தள்ளிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்து என் மகள் சிரித்தாள். மோவாயைப் பிடித்துத் திருப்பி அவள் கண்ணுக்குள் பார்த்தேன். பளிச்சென்றுதான் இருந்தது.

அன்று எனக்கும் அப்படித்தான் இருந்தது.